ரசமட்டம்

கேமராவின் தலையில் ஒரு குமிழி,
கடுகளவு.
அது நடுவுக்கு வரும்வரை
முக்காலியின் ஒவ்வொரு காலோடும் பேரம் பேசுகிறேன்.

மெக்ஸிகோ நகரம். தூர்ந்த ஏரியின் சேற்றின்மேல்
நான்கு மாடி வீடு.
வருடத்துக்கு ஒரு விரற்கடை
கிழக்கு மூலை இறங்குகிறது.
"நேராக எடு, விற்க வேண்டும்"
என்றார் உரிமையாளர் அர்ரியாகா.

அண்ணாந்து பார்த்தால்
எந்தக் கட்டடமும் மேலே ஒடுங்கும், பின்னால் விழும்.
லென்ஸைத் திட்டிப் பயனில்லை.
அண்ணாக்காமல்
முன்பலகையை மட்டும் இருபது மில்லிமீட்டர் உயர்த்துகிறேன்.
கறுப்புத் துணிக்குள்
சொரசொரத்த கண்ணாடியில் தலைகீழாக வீடு.
தமாலே வண்டியின் ஆவி
தரையிலிருந்து கீழே, வானத்துக்குள் விழுகிறது.
உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறேன்:
கோடுகள் ஒடுங்கவில்லை.
எல்லாம் இணையாக இருக்கின்றன,
இணையாகச் சாய்ந்து.

மூன்றாம் மாடியில் ஒப்தூலியா
தான்ஸோன் கற்றுக்கொடுக்கிறாள்.
எங்கே தொடங்கினாலும்
பாட்டு முடியும்போது ஆறு ஜோடியும்
கிழக்கு மூலையில் இடித்துக்கொண்டு நிற்கும்.
ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாளாம்;
இவளுக்கு ஆடத் தெரியும்,
கூடமும் கோணல்.

துளை இருபத்திரண்டு, அரை விநாடி.
இரண்டு பிலிம் தகடுகள்.
பிறகு அர்ரியாகாவுக்காக
அதே இடத்தில் டிஜிட்டலில் ஒன்று.

இரவு, கணினியில் ஒரே சொடுக்கு.
வீடு சட்டென்று நிமிர்ந்தது,
அதிகாரியைக் கண்ட காவலாளிபோல.
விளக்குக்கம்பம் மேற்கே சாய்ந்தது. வெட்டினேன்.
பக்கத்து வீடு சாய்ந்தது. அதையும் வெட்டினேன்.
மூன்றாம் மாடி ஜன்னலில்
ஒப்தூலியாவின் மஞ்சள் குருவிக் கூண்டு மட்டும்
காற்றில்லாத மதியத்தில்
சரிந்து தொங்கியது,
யாரோ பக்கவாட்டில் இழுத்துப் பிடித்ததுபோல்.

கழுகுக் கண் அந்த மனுஷருக்கு.
"கூண்டையும் எடுத்துவிடு."
எடுத்தேன்.
குருவியோடு சேர்த்து.
கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை அவர்.

பிலிம் தகட்டை வேறு ஒரு நாள் கழுவினேன்.
அதில் கூண்டு செங்குத்து,
சுவர்தான் விலகியது.
அதே அளவில் ஓர் அச்சு எடுத்துச் சட்டமிட்டு
ஒப்தூலியாவிடம் கொடுத்தபோது
கூண்டின் கதை சொல்ல வாய் வரவில்லை.
அவள் படத்தை உற்றுப் பார்த்து
"குருவிக்குத் தண்ணீர் வைக்காத நாள் இது" என்றாள்.

ஒற்றை ஆணியில் மாட்டியிருக்கிறாள்,
நடனக் கூடத்துச் சுவரில்.
வியாழன்தோறும் வகுப்புக்கு வரும் யாராவது
"கோணலாக இருக்கிறதே" என்று
சட்டத்தைச் சுவரோடு பொருத்திவிட்டுப் போகிறார்கள்.
பாட்டு தொடங்குகிறது,
ஆறு ஜோடிக் குதிகால்கள்,
பலகைத் தரை அதிர்கிறது.
இரண்டாம் சரணம் வருவதற்குள்
படம் மெல்ல மெல்ல
தன் நேருக்குத் திரும்பிவிடுகிறது.