ஒரு ரூபாய் இடைவெளி

மே மாதம், கோரிமேட்டுத் தகரக் கொட்டகையில்,
சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்க இழைத்த கதவு
ஜூலையில் ஏற்காட்டில்
சாத்த மாட்டேன் என்கிறது.

பெனிட்டா டீச்சர் போனில்:
"அர்த்தநாரி, குளிக்கப் போனா
கதவுக்கு வாளியை முட்டுக் கொடுக்கிறேன்.
அந்த வாளியிலதான் மொண்டு ஊத்தணும்.
தண்ணி குறையக் குறைய
கதவு திறந்துக்கிட்டே வருது."

சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

கொட்டேஷனைத் தேடி எடுத்தேன்.
வேங்கை நிலை. சில்வர் ஓக் கதவு, மரம் உங்களுடையது.
கீல் மூன்று, தாழ்ப்பாள் ஒன்று, ஏற்றுக்கூலி தனி.
மூடுபனி பற்றி ஒரு வரி இல்லை.
மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு
அவர் தோட்டத்தில் நின்ற மரம்தான்.
கீழே கொண்டுவந்து காயவைத்தேன்,
மேலே போனதும் பழையபடி குடித்திருக்கிறது.

"சர்வீஸ் சார்ஜ் போடுங்கண்ணா" என்கிறான் ரேவந்த்.
ஜோத்பூர்ப் பக்கத்துக்காரன். மூன்று வருடம் எனக்குப் போட்டி,
இப்போது பாதிப் பங்கு.
செல்லாண்டி நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"பஸ்ஸு, சாப்பாடு, ஒரு நாள் கூலி, ஆயிரத்து நானூறு.
டீச்சர் பழைய பாக்கி ரெண்டாயிரம்.
கேக்காம வந்துறாதீங்க."

வீட்டை மாத்தணும் என்று கூப்பிடுகிறவர்களில்
பாதிப் பேர் வேறு எதையோ மாற்ற நினைத்து
சமையலறையில் தொடங்குகிறார்கள்.
செல்லில் ஒரு படம் காட்டி
இதே மாதிரி, பாதி விலையில் என்பார்கள்.
நான் பிளைவுட் கனத்தைச் சொல்வேன்,
அவர்கள் மைக்காவின் நிறத்தைக் கேட்பார்கள்.
அலமாரி எதற்கு என்று நான் கேட்பதில்லை,
பூட்டு எந்தக் கதவுக்கு என்று மட்டும் கேட்பேன்.

போன வாரம் அழகாபுரத்தில் ஒருவர்
இரட்டைக் கட்டிலை
நடுவில் அறுத்துத் தரச் சொன்னார்.
தேக்கு. கல்யாணத்துக்குச் செய்தது.
ஏன் என்று கேட்கவில்லை.
ரெண்டாக்கினால் கால் நாலு கூட வேணுமுங்க,
அதுக்குத் தனி விலை என்றேன்.
தலையாட்டினார்.
ரெண்டுக்கும் நடுவே எத்தனை அடி விடறது?
"அதை நாங்க பாத்துக்கறோம்."
உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, வெகுநேரம்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
மடியில் பை, பைக்குள் இழைப்புளி.
ஒவ்வொரு திருப்பத்துக்கும்
அது என் வயிற்றை ஒரு சீவு சீவப் பார்த்தது.

கதவைக் கழற்றித் திண்டில் சாய்த்தேன்.
ஈரச் சீவல் சுருளாது,
நனைந்த காகிதம் மாதிரி தொங்கும்.
கதவுக்கும் நிலைக்கும் நடுவே
ஒரு ரூபாய்க் காசு நுழைய வேண்டும்,
தொழிலில் அதுதான் அளவு.
இப்போது நுழையும்படி சீவினால்
மார்ச்சில் விரலே நுழையும்.

"டீச்சர், ஒரு வருசத்துல
உங்களுக்கு எந்த மாசம் முக்கியம்?"
அவர் வெகுநேரம் யோசித்தார்.
"தனியாத்தானே இருக்கேன்,
நாலு வருசமா கதவு இல்லாமலே குளிச்சேன்.
ஆகஸ்ட்ல தம்பி குடும்பம் வருது,
பத்து நாள் தங்குவாங்க."

அந்தப் பத்து நாளுக்காகச் சீவினேன்.
கீழ்மூலையில் ரெண்டு நூல்,
தாழ்ப்பாள் பக்கம் ஒன்றரை.
சாத்தினேன், திறந்தேன், சாத்தினேன்.
அவர் உள்ளே போய்த் தாழ் போட்டுவிட்டு
"கேக்குதா?" என்றார்.
கேட்டது.

பாக்கி ரெண்டாயிரம் வந்தது.
ஆயிரத்து நானூறை
நான் வாயெடுக்கவில்லை.
காப்பிக்கொட்டை ஒரு கிலோ கொடுத்தார்,
செல்லாண்டி இதை எந்தப் பக்கம் எழுதுவாளோ.

பதினாலாவது வளைவில் கண்டக்டர்
"சில்லறையா ஒரு ரூவா இருக்குமா?" என்றார்.
சட்டைப் பையைத் தடவினேன்.
இருந்ததுங்க.
மேலே, ஒரு கதவிடுக்கில்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அழகாபுரம்.
நாலு காலும் இன்னும் கடையவில்லை.