பதினொன்று இருபது பஸ்

நேர்காணல் அறையில் குளிர் அதிகம்.
மூன்று பேரில் ஒருவர் கேட்டார்:
"மேட்ரன், இந்தப் பதவியில்
உங்கள் நோக்கம் என்ன?"

சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது
இலாகாவின் நோக்கம், பொன்னெழுத்தில்.
பார்த்து வாசித்திருக்கலாம்.
நான் தண்ணீர் குடித்தேன்.

பதவி வந்தது. கூடவே ஒரு சாவிக்கொத்து,
ஒரு மேசை, அதற்குள்
முன்னவர் விட்டுப்போன தைல டப்பி.
இருபத்திரண்டு வருஷம் நாடி பிடித்த விரல்
ரப்பர் முத்திரை பிடித்தது.
வார்டுப் பக்கம் போனால்
தாதியர் எழுந்து நின்றார்கள்.
கட்டிலருகே இனி என் கைக்கு வேலையில்லை என்பது
எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுங்கை பெலிம்பிங்கில் மழை
மூன்று மணிக்கு மேல்தான் வரும்.
அப்படியொரு மழையில்
ரோஸ்னா கொண்டுவந்து வைத்தாள்
வராதவர்கள் பட்டியலை.
இரத்த அழுத்தம், இனிப்புநீர்: நாற்பத்தொரு பேர்.
கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே காரணம்:
ஒத்துழைப்பில்லை.
நானும் எழுதியிருக்கிறேன் அந்தச் சொல்லை,
வார்டில் இருந்தபோது, கை கூசாமல்.

விலாசங்களை வாசித்தேன்.
மேல் டிவிஷன். ஆற்று டிவிஷன். பதினாறாம் கட்டை.

சனிக்கிழமை போனேன், பஸ்ஸிலேயே.
பெரட்டு ஐந்தரைக்கு.
பால் நிறுத்து முடிய பத்தே முக்கால்.
பஸ் பதினொன்று இருபதுக்கு.
எங்கள் ஜன்னலில் எண் கொடுப்பது
எட்டிலிருந்து பத்துவரை.

காத்தமுத்து வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"வந்தேன் மிஸ்ஸி, ரெண்டு தடவை.
மூடிட்டாங்க.
ஒருநாள் பேர் விழலைன்னா
மாசக் கடைசியில தெரியும்."
குறை சொல்லவில்லை அவர்.
நேரம் சொன்னார், அவ்வளவுதான்.

செவ்வாயும் வியாழனும்
ஜன்னலைப் பன்னிரண்டரைக்குத் திறக்க
ஒரு கடிதம்.
கடிதத்துக்கு ஒரு பாரம். பாரத்துக்கு ஒரு கூட்டம்.
மருந்தகத்தில் சூ யென் கேட்டாள்:
"என் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது?"
நியாயம்.
அவளுக்காக இன்னோர் அட்டவணை.
வெறும் வயிற்றுச் சோதனை வேண்டாம்,
மூன்று மாதக் கணக்குக் காட்டும் சோதனை போதுமென்று
டாக்டரிடம் ஒரு கையெழுத்து.
ரத்தம் எடுப்பவர் முணுமுணுத்தபடி
சோற்றைப் பதினொன்றரைக்கு இழுத்துக்கொண்டார்.

பதினேழு வாரம்.
பென்சில், அழிப்பான், மறுபடி பென்சில்.
இதற்கா படித்தேன் என்று
இரண்டுமுறை அழுதேன் கழிவறையில்.
அதிகாரிக்கென்று தனிக் கழிவறை.

முதல் செவ்வாய்.
பஸ் நின்றது.
ரப்பர் பாலின் புளித்த வாசனை முதலில் இறங்கியது.
பின்னால் பதினான்கு பேர்.
அவர்களோடு, எந்தப் பட்டியலிலும் இல்லாத
வங்காளதேசப் பையன் ஒருவன்,
விரலில் துணி சுற்றிக்கொண்டு.
ரோஸ்னா ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டாள்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
தூணருகே நின்றேன்,
கையில் ஆறிப்போன தே.
அன்றைக்கு வெகுநாள் கழித்து
எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போது பட்டியலில் ஒன்பது பேர்.
ஒருவர் காத்தமுத்து.
ஜன்னல் திறந்ததற்கு முந்திய வாரம்
நிரையிலேயே விழுந்துவிட்டாராம்.
பெயரை அடிக்கச் சொல்லி
ரோஸ்னா மூன்றுமுறை கேட்டுவிட்டாள்.
நான் அடிக்கவில்லை.
பதினேழு வாரத்தை
பதினாறில் முடித்திருக்க முடியுமா என்று
கணக்குப் பார்க்கிறேன் சில ராத்திரி.

மீதி எட்டும் பதினாறாம் கட்டை.
பஸ் பன்னிரண்டோடு திரும்பிவிடும்.
ஆஸ்பத்திரி வேன் ஓட்டும் அந்தோணியிடம்
நாளைக் காலை கேட்க வேண்டும்:
வெறும் வேனை எந்த வழியாக
ஓட்டிவருகிறாய் தம்பி, தினமும்?