கிழக்கே காலியாக இருந்தது

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
எந்த மண்டபத்திலோ கத்திக் கத்திக் கிழிந்ததை
மெர்வின் பிசின் தடவி ஒட்டிக் கொடுத்தார்.
இப்போது தரமணியில், இரண்டாம் மாடியில்,
பாட்டெல்லாம் மறந்து
ஒரே சுருதியில் உறுமுகிறது.

அதன்மேல் தட்டு. தட்டில்
முந்நூற்றுப் பன்னிரண்டு வில்லைகள்.
ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த கால்கள் ஏழு;
உறுமல் காலில் ஏறினால் வில்லை சுழலும்,
எல்லாம் ஒரே பக்கமாக, கடிகாரம் போல.
ஒன்றுக்கும் போக ஊர் இல்லை.

சுழலத் தெரியாதவை நாற்பது. நேரான கால்கள்.
கேமரா கண்டுகொள்ள
ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.
அட்டை பத்து ரூபாய், வேளச்சேரி ஸ்டேஷன் வாசலில்.
ரசீது கேட்டேன்.
விற்றவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

நாற்பதையும் மேற்கு ஓரம் குவித்துத்
தடுப்பை எடுத்தேன்.

பள்ளியிலேயே படித்ததுதான்:
நெருக்கத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்கு.
தண்ணீரில் மைத்துளி. அறையில் ஊதுபத்தி.
எங்கள் வகுப்பும் அப்படித்தான் கரைந்தது.
நப்பின்னை டிரெஸ்டனில். இம்மானுவேல் சான் ஹோசேயில்.
ரம்ஜானுக்கு ரம்ஜான் போட்டோ அனுப்பும் தாஹிரா
நான் வரைபடத்தில் தேடவேண்டிய ஏதோ ஊரில்.

கிழக்கே காலியாக இருந்தது.
பொட்டுகள் வடக்கே போயின.

கொஞ்சம் கிழக்கேயும் போயின, பொய் சொல்லக் கூடாது.
ஆனால் மிச்சமெல்லாம்
சுவரைப் பிடித்துக்கொண்டே
பால் வாங்கக் கிளம்பியவை போல வடக்கே.
தட்டு சாய்வோ என்று ரசமட்டம் வைத்தேன்.
ஏசியை அணைத்து வியர்த்தேன்.
மெர்வின், கண்ணாடியில் பார்த்தமாதிரி
காலை மறுபுறம் சாய்த்து
இன்னொரு முந்நூற்றுப் பன்னிரண்டு அச்சடித்தார்.
தெற்கே போயின.

"கத்திப்பாரா மாதிரி மேடம்.
வலது போணும்னா இடதுல சுத்தணும்."
அது சரியான விளக்கம் இல்லை.
அதைவிட நல்லதாக என்னிடமும் இல்லை.

இன்னொன்று, இரவு பதினொன்றுக்குக் கண்ணில் பட்டது.
முட்டினால் வேகம் குறையவேண்டும், அதுதான் முறை.
இங்கே முட்டியவை
ஒன்றையொன்று சுற்றி உருண்டு கடந்துவிடுகின்றன.
கூட்டம் கூடக்கூட
ஒரு பொட்டு போய்ச்சேரும் தூரமும் கூடுகிறது.
மூன்று முறை கணக்குப் போட்டேன்.
மூன்றாம் முறை சந்தோஷமாக இருக்கப் பயமாக இருந்தது.

நப்பின்னையின் கடிதம் திறந்தபடி இருக்கிறது:
இங்கே ஓர் இடம் காலி. யோசிக்காதே, வா.

தரமணியில் படித்து
குரோம்பேட்டையில் குடியேறி
ஆவடியில் ஒரு வருடம் பாடம் நடத்தி
மறுபடி தரமணி.
நெருக்கம் குறையாத கோடாகப் பார்த்து
அதன் மேலேயே நடந்திருக்கிறேன்.
இதற்கு ஒரு குணகம் உண்டு என்று
யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மாலை கிண்டி நடைபாலம்.
தோள்பை, டிபன் கூடை, சுருட்டிய பிளெக்ஸ் பேனர்,
யாரோ ஒருவரின் முழங்கை
என்னைத் தாம்பரம் பக்கம் இறங்கவிடாமல்
பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே போனது.
நானும் எதிர்க்கவில்லை.
எந்தப் பக்கம் சுழல்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன்.

ரயிலில் எதிர் இருக்கைப் பெண் சொன்னாள்,
"அக்கா, முட்டியில பொட்டு."

முந்தைய இரவு முழுக்கக் கேமரா
முப்பத்தொன்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.