ஒன்றுவிட்ட சனிக்கிழமைகள்

கோடைப் படங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.
கோடை அங்கே, அமெரிக்காவில்.
இங்கே டூங்காபியில், எங்கள் சமையலறையில்
ஹீட்டரின் ஒரு கம்பி மட்டும் சிவந்திருக்கிறது,
மற்றது போன வருடமே செத்துவிட்டது.
ஆரூரன் இரண்டு சோடி காலுறை போட்டபடி
கணக்குக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழிக்கிறான்.

ஐந்து படங்கள்.
ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடங்கும்வரை
எனக்கு வாய்த்த சனிக்கிழமைகள் நான்கு.
நீதிமன்றத் தாளில் அப்படித்தான் இருக்கிறது:
ஒன்றுவிட்ட வாரம்.
ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட தங்கை மாதிரி
சொந்தம்தான்,
ஒரு படி தள்ளி.

முதலாவது டிராகன் படம், மூன்றாம் பாகம்.
முதல் இரண்டிலும் நான்
சிம்மாசனம் எரியத் தொடங்கும் இடத்தில் நித்திரை.
"அந்தக் கிழவி ஆரெண்டு இப்பவாவது தெரியுமா?"
எந்தக் கிழவி?
"விடுங்கோ."

பிறகு, நானூறு வருடம் பறக்கும் கப்பல்.
உள்ளே பிறந்து உள்ளேயே சாகிறார்களாம்.
போய்ச் சேருவார்களா?
"அதுதானே படம்!"
இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.
பிளாக்டவுனில் கார் நிறுத்த
இலவசம் மூன்று மணித்தியாலம்,
விளம்பரம் மட்டுமே இருபத்தைந்து நிமிடம் ஓடும்.
விண்மீன்களுக்கு நடுவே போகிறவர்களுக்கு
தண்டம் எழுத ஆளில்லை.

கடலுக்குள் விழுந்த நிலாவை
ஒருத்தி மீன்வலை போட்டு இழுக்கும் படம் ஒன்று.
எனக்கு அது.
அவன் தோளைக் குலுக்குகிறான்.
இன்னொன்றில் ரோபோக்கள் ஒன்றையொன்று அடிக்கின்றன,
அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
கடைசிப் படத்தில் ஓர் ஊர்:
ஒவ்வொரு விடியலிலும் யாரோ ஒருவர்
வீட்டாருக்கே மறந்துபோகிறார்.
அதன் கதையை அவன் வாசிக்கும்போது
நான் கோப்பைகளைக் கழுவினேன்.

டிராகன் வெளியாவது அவருடைய வாரத்தில்.
பென்ரித்தில் திரை பெரிது.
சாய்ந்து படுக்கும் நாற்காலி,
கால் நீட்ட ஒரு பொத்தான்.
என்னிடம் இருப்பவை
வேலையிடத்தில் தந்த அரைவிலைக் கூப்பன் எட்டு.
மாலை ஐந்துக்குப் பிறகு செல்லாது.

"அப்பாவோட ஒருக்காப் பாக்கிறன்,
பிறகு உங்களோட.
பாக்காத மாதிரியே இருப்பன்."

இருப்பான்.
போன வருடமும் வேறொரு படத்துக்கு இருந்தான்.
சுவர் இடிந்து அது தலை நீட்டுவதற்கு
ஒரு நொடி முந்தியே
மூச்சை இழுத்துப் பிடித்தான்.
என் கையையும்.
நானும் பயந்தேன்,
அவனுடைய நேரத்துக்கு.

தேநீரோடு திரும்பி வந்து பார்த்தால்
தாளில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து.
அ.
அ.
அ.
ரோபோவுக்கு மட்டும் கேள்விக்குறி.
அ.
சுழி ஒழுங்காக வரும்வரை
தமிழ்ப் பள்ளியில் பக்கம் பக்கமாய் எழுதவைத்த அ.

அம்மாவுக்கும் அதுதான்.
அப்பாவுக்கும் அதுதான்.

கேட்க வாயெடுத்தேன்.
அவனுக்கு ம் எழுதத் தெரியும்,
ப் எழுதத் தெரியும்,
புள்ளி எங்கே வைப்பதென்றும் தெரியும்.
தேநீரில் ஆடை படர்ந்தது.

பென்சிலை வாங்கி
ரோபோவை வெட்டினேன்.
கப்பலுக்கு எதிரே எழுதினேன்: ரயிலில் போவது.
நிலாவின் கீழ் ஒரு கோடு,
கொஞ்சம் அழுத்தி.

"அது சரியான அலுப்பா இருக்கும், அம்மா."
இருக்கட்டும்.
நீ நித்திரை கொள், நான் எழுப்புகிறேன்.
டிராகனுக்குப் போகமுதல்
அந்தக் கிழவியை எனக்குச் சொல்.

நாற்காலியை ஹீட்டருக்குக் கிட்ட இழுக்கிறான்.
சிவந்த கம்பியின் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு,
முதலாம் பாகத்திலிருந்து தொடங்குகிறான்:

"முதல்ல, அவ கிழவியே இல்லை."