எந்த மீன்?

மருந்துச்சீட்டின் பின்பக்கம்
டாக்டர் பையன் ஒரு வீடு வரைந்தான்.
நாலு அறை, நாலு கதவு.
கடலூர் முதுநகர் சுனாமிக் குடியிருப்பில்
எனக்கு ஒன்றரை அறை, ஒரே கதவு,
அதுவும் மழைக்கு உப்பிக்கொண்டு சாத்த வராது.
நெஞ்சுக்குள் மட்டும்
வசதியாக இருந்திருக்கிறேன் இத்தனை நாளும்.

இந்தக் கதவுதான், என்றான்.
இடது பக்கம், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில்.
ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு
மீன் வாய் மாதிரி ஆகிவிட்டது.

எந்த மீன்? என்று கேட்டேன்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.
புத்தகத்தில் வெறும் மீன் என்றுதான் இருக்கிறதாம்.
பத்தொன்பது வருஷமாகத் துறைமுகத்தில் மீன் அரிகிறவள் நான்.
கொடுவா வாய் வேறு, வவ்வால் வாய் வேறு.
ஒன்றில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகும்,
இன்னொன்றில் புளியங்கொட்டை போனால் அதிகம்.
எது என்று தெரியாமல்
எப்படிப் பயப்படுவது, சொல்லுங்கள்.

ஒன்று புள்ளி ஒன்று, என்றான் பிறகு.
சதுர சென்டிமீட்டர்.
நாலுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடம்.
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.
ஏறக்குறைய, என்றான்.

வவ்வால்தான்.

எட்டாவது படிக்கும்போது தொண்டை கட்டிற்று.
அப்புறம் முட்டி வீங்கிற்று,
ஒன்று வடிந்தால் இன்னொன்று.
இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி என்றார்கள்.
இடுப்பில் கல்லைக் கட்டிவிட்டதுபோல் வலிக்கும் ஊசி.
கல்யாணம் பேச வந்தபோது
ஊசி போடுகிற பெண் என்று பேர் வரக்கூடாதென
நிறுத்தினார்கள்.
சரி, நிறுத்தினேன்.

பலூன் விட்டு அகலப்படுத்தப் பார்க்கலாம்,
சுண்ணாம்பு படிந்திருந்தால் முடியாது.
அப்போது கதவையே மாற்ற வேண்டும்.
உலோகத்தில் ஒன்று இருக்கிறது,
மாட்டின் சவ்வில் தைத்தது ஒன்று இருக்கிறது.
மாட்டுக்கதவு பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும்,
பிறகு மறுபடி திறக்க வேண்டும், என்னை.
உலோகம் ஆயுசுக்கும் வரும்.
ரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் ஆயுசுக்கும் வரும்.
கையை வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்றான்
பத்து விரலிலும் தழும்புள்ளவளிடம்.
கெளுத்தி முள்ளிடம் யார் போய்ச் சொல்வது?

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
ரத்தம் கொடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால்
நெல்லித்தோப்பு அமலோற்பவம்,
பதினோரு வருஷத்து உலோகக்காரி.
கேட்கிறாயா? என்று வாயைத் திறந்தாள்.
முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயருகே
காதைக் கொண்டுபோய் வைத்தேன்.
வெற்றிலை வாசனை. அதற்கும் உள்ளே
டிக். டிக். டிக்.
டைம்பீஸை விழுங்கிவிட்டு
வரிசையில் வந்து நிற்கிறாள்.

வீட்டுக்காரருக்கு முதலில் இந்தச் சத்தத்தில் தூக்கமே இல்லை,
இப்போது கேட்காவிட்டால்
எழுந்து விளக்கைப் போடுகிறார், என்றாள்.
வாயை மூடினாள். சத்தம் நின்றது.
பயமாக இருந்ததா என்று கேட்கத்தான் நினைத்தேன்.
கருவாடு சாப்பிடலாமா என்று வந்துவிட்டது.
பதில் சொல்லுமுன் அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

கன்னியக்கோயில் தாண்டியதும்
பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிற்று.
மடியில் எக்கோ படம்,
கறுப்பில் வெள்ளையாக ஏதோ கலங்கியிருக்கிறது,
மதகு திறந்த அன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் மாதிரி.
பக்கத்து சீட்டுப் பையன் தூங்கிவிட்டான்.
ஜன்னல் பக்கம் திரும்பி
நானும் வாயைத் திறந்துபார்த்தேன்.
பெண்ணையாற்றுக் காற்றுதான் உள்ளே போயிற்று.

இரவு மணிமாறன்
என்ன சொன்னார்கள் என்றான்.
கதவு பழுது, என்றேன்.
நாளைக்கு ஆசாரியை வரச்சொல்கிறேன் என்று
திரும்பிப் படுத்துக்கொண்டான்.
சொல்ல வேண்டும்.
நாளைக்குச் சொல்ல வேண்டும்.

விடிந்ததும் முதல் கிராக்கி
தட்டில் வைத்தது வவ்வால்.
சுண்டுவிரல் நுனியை அதன் வாயில் வைத்தேன்.
பாதி நகம் போயிற்று.
என்னம்மா பார்க்கிறாய், மீன் நல்லதுதானே?
அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
பதினாலாம் தேதி மறுபடி வரச்சொல்லியிருக்கிறான் அந்தப் பையன்.

நல்ல மீன்தான், என்றேன்.
துண்டு பெரிசாகவா, சின்னதாகவா?