இரண்டாம் முறை சொன்னது

கொமொதோரோவில் நல்ல உளவியலாளர் ஒருவர் இருக்கிறாராம்.
போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.
கிரிசெல்தாவால் ஓட்ட முடியாதது
அந்தச் சாலையைத்தான்.

பதினெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
ஆகஸ்டில் ஒரு மாலை
வேலி தாண்டிய குவானகோ ஒன்று
முகப்பு விளக்கில் நின்று அவளைப் பார்த்தது.
பேருந்தில் பிள்ளைகள் பதினொரு பேர்.
ஒருவருக்கும் கீறல் இல்லை.
கண்ணாடி மாற்றியாயிற்று, பம்பர் மாற்றியாயிற்று.
வெளிச்சம் சாயும்போது நடுங்கும் இடது கைக்கு
லாஸ் ஹெராஸின் எந்தப் பட்டறையிலும்
உதிரிபாகம் இல்லை.

செல்பேசியிலேயே பேசலாமே, என்றார்கள் சங்க அலுவலகத்தில்.
ஒரு தாள் கொடுத்தார்கள்.
ஓஃபெலியா பிராங்காத்தோ, ரொசாரியோ.
பெயருக்குக் கீழே பதிவு எண்.
ஒன்பது நாள் அந்தத் தாள்
மாத்தே டப்பாவின் அடியில் கிடந்து
பச்சைக் கறை வாங்கியது.

தொலைபேசியில் பல் பிடுங்க முடியுமா?
வீட்டுச் சுவர் வெறும் அட்டை.
அந்தப் பக்கம் ரூபன் கால்பந்து பார்ப்பான்,
இந்தப் பக்கம் நான் மூக்கு உறிஞ்சினால்
விசில் சத்தத்தோடு அதுவும் கேட்கும்.
திரை மூலையில் என் முகமே என்னைப் பார்க்கும்போது
எப்படி அழுவது?
ஆனால்
கொமொதோரோ காத்திருப்பறையில் உட்கார்ந்தால்
பாதி ஊர் நலம் விசாரிக்கும்.
இங்கே யாரும் இல்லை.
காசும் பாதிதான்.

கடைசியில் ரூபனின் வண்டியை எடுத்தாள், பட்டப்பகலில்.
ஊருக்கு வெளியே, கிணறு வற்றியதால்
தலை குனிந்தபடி நின்றுவிட்ட எண்ணெய் பம்ப்.
அதன் பக்கத்தில் மட்டும் சிக்னல் இரண்டு கோடு.

முதல் கேள்வியே அவள் எதிர்பார்த்தது அல்ல.
இப்போது சரியாக எங்கே இருக்கிறீர்கள்?
இணைப்பு அறுந்தால் யாரை அழைக்கட்டும்?
பிறகு ஓஃபெலியா சொன்னாள்:
விடியவே வேண்டாம் என்று ஒரு ராத்திரி தோன்றினால்
எனக்காகக் காத்திருக்காதீர்கள்.
நேரே மருத்துவமனை, அவசர வாசல்.
அதற்கு இந்தத் திரை போதாது.
நான்கு முறை பேசிப் பாருங்கள்.
சரிப்படவில்லை என்றால் நேரில் பார்க்கும் ஒருவரை
நானே தேடித் தருகிறேன்.

தன் எடைக்கல் எங்கே குறையும் என்று
தானே சொல்லும் கடைக்காரி.
கொஞ்சம் நம்பினாள்.

இரண்டாம் முறை
ஓஃபெலியா பேசாமல் இருந்தாள். நெடுநேரம்.
இது ரொசாரியோவின் மௌனமா
பாடகோனியாவின் காற்றா?
முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
பின்னால் மின்விசிறிக்கு ஆடும் திரைச்சீலையைப் பார்த்தாள்.
அசைந்தால் மௌனம்.
அசையாவிட்டால் காற்று.

மூன்றாம் முறை
திரைச்சீலையைப் பார்க்க மறந்துபோனாள்.
ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாள்.
நான் பிரேக் போடவில்லை.
மிதித்திருந்தால் கவிழ்ந்திருக்கும், பின்னால் பதினொரு பேர்.
பதறித் தடுமாறினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
தெரிந்தேதான் ஏற்றினேன்.
அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

நிமிர்ந்தாள்.
திரைச்சீலை அசையவில்லை.
பாதி திறந்த வாயோடு ஒரு புகைப்படம்.
கேட்டது பம்ப் மட்டும்.

முதலில் வந்தது நிம்மதி.
அப்பாடா, யாருக்கும் தெரியாது.
அதன் பின்னாலேயே கோபம்,
ஊர் மேல், கம்பம் மேல், காற்றின் மேல்.
அதற்கும் பின்னால்
ஆள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக்
கதவைத் தட்டிவிட்டு வந்தவளின் வெறுமை.

படம் துடித்து எழுந்தது.
மன்னியுங்கள், ‘நான்’ என்றதோடு நின்றுவிட்டது.
கேட்கிறதா, கிரிசெல்தா?

சிவப்புப் பொத்தான் கட்டைவிரலுக்கு அருகில் இருந்தது.
காற்றைப் பழி சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஏற்கெனவே மூடியிருந்த கண்ணாடியை
இன்னொரு முறை ஏற்றினாள்.
நான், என்றாள்,
பிரேக்