ஏழாவது கொத்து

மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
வந்து, தங்கி, தின்று, எழுதிவிட்டுப் போன வரிகளை
கானாடுகாத்தான் விடுதியின் பின்கட்டில்
பழைய நெல் அறையில் உட்கார்ந்து
இயந்திரத்துக்கு ஊட்டுகிறேன்.
மாதம் பதினெட்டாயிரம். மதியச் சாப்பாடு உண்டு.

அது பசியில்லாமலே தின்னும்.
பிரெஞ்சு, ஜப்பான், மலையாளம்,
எழுத்துப்பிழையோடு தமிழ், எல்லாம் ஒரே விழுங்கு.
விழுங்கிய கையோடு தரம் பிரிக்கும்:
மகிழ்ச்சி, வருத்தம், கோபம்,
பொருட்படுத்த வேண்டாதவை.

முதல் வாரம்
"மிளகுக் கோழி தின்று அழுதுவிட்டேன்" என்ற லியோன்காரரை
வருத்தத்தில் தள்ளியது.
"காரம் ஆளைக் கொன்றுவிட்டது, இன்னொரு கரண்டி கேட்டேன்."
இதற்கு, போலீசுக்குச் சொல்லலாமா என்பதுபோல் சிவப்புக் குறி.
ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினேன்.
அப்பனே, இது ஆனந்தக் கண்ணீர்.
இது பாராட்டு.
பத்து நாளில் தானாகவே சரியாகச் சொன்னது.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது,
யாரிடமும் சொல்லவில்லை.

"பரிமாறியவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை."
நவம்பர் ஒன்பது. சேவை: குறை.
மதிப்பெண்ணில் புள்ளி மூன்று சரிவு.
நிர்வாகி சாத்தப்பன் தாளும் கையுமாக அடுப்படிக்குப் போனார்.
அன்று காலையில்தான் காரைக்குடியில்
சிங்காரவேலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள்.
வாய்க்குள் பஞ்சோடு
இருபத்திரண்டு இலைக்கும் நடந்த மனிதன்.
இயந்திரத்தில் பல்லுக்குக் கட்டம் இல்லை.
சாத்தப்பனிடமும் இல்லை.

பிறகொரு நாள்
ஒரே மாதிரிப் பேச்சுகளைத் தானே சேர்த்துக்
கொத்துக் கொத்தாக வைக்கச் சொன்னேன்.
ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நடந்தவர்கள் ஒரு கொத்து.
தேக்குத் தூண்களை எண்ணியவர்கள் ஒன்று.
சாப்பாடு பிடித்தவர்கள், வயிற்றைப் பிடித்தவர்கள், இரண்டு.
கொசு. கழிப்பறை.
ஏழாவதற்கு மட்டும் பெயர் சொல்ல வரவில்லை அதற்கு.
நூற்று நாற்பத்தொரு வரிகள்.
நானே படித்தேன்.

"மூடியிருந்தது. இறங்கி நின்றோம்."
"பதினோரு நிமிடம் என் கணவர் போனைப் பார்க்கவில்லை."
"ஆடுகள் மட்டும் குனிந்து போயின."
"ரயில் போன பிறகும் யாரும் வண்டியைக் கிளப்பவில்லை,
ஏனென்று தெரியவில்லை."

ரயில்வே கேட்!
விடுதிக்கு வரும் வழியில்
நாங்கள் வெட்கப்படுகிற அதே கேட்.
"வழியில் ஏற்படும் தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று
வரவேற்புத் தாளில் நான்தான் அச்சடித்திருந்தேன்.

சாத்தப்பனுக்குக் கண் விரிந்தது.
"கேட் அனுபவம். ஆளுக்கு முந்நூறு.
நன்னாரி சர்பத்தோடு.
ரயில் நேரம் விசாரிச்சுட்டு வா."

போனேன். சைக்கிளைச் சாய்த்தேன்.
பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கேட் காப்பாளர் செபஸ்தியம்மாள் நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தார்.
"இங்க வந்து நிக்கிறவங்க எதைப் பார்க்கிறாங்க?"
"என்னத்தப் பார்க்க?
எப்பத் திறப்பேன்னு என்னையப் பார்ப்பாங்க.
செத்த நேரத்துல அதையும் விட்டுருவாங்க."

மணி அடித்தது. கம்பம் இறங்கியது.
ஒரு டெம்போ, அதில் நாற்காலிகள், கல்யாணத்துக்குப் போகிறவை.
ஒரு பையன் பால் கேனில் தாளம் போட்டான், நிறுத்தினான்.
கருவேலங்காட்டுக்கு மேல் எதுவும் இல்லை,
அது நிறைய இருந்தது.
நானும் செபஸ்தியம்மாளைப் பார்த்தேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

சாத்தப்பனிடம் சொன்னேன்:
"ரயில் நேரம் நிச்சயமில்லையாம்."
வேலைக்குச் சேர்ந்த பின் நான் சொன்ன முதல் பொய்.

ராத்திரி, எல்லோரும் போன பிறகு,
மூவாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்றாவதாக
என் வரியையும் ஊட்டினேன்:
மூடியிருந்தது, நின்றேன்.
கணம்கூடத் தயங்காமல்
ஏழில் வைத்தது.

விளக்கை அணைக்குமுன்
வரவேற்புத் தாளைத் திறந்து
அந்த வருத்தத்தை மட்டும் அழித்தேன்.